இரண்டு பேரும் ஒரு பழைய பஞ்சாலையும்

பிராவிடன்ஸ் என்ற ஊரின் பெயரைச் சொன்னால் நம்மில் பலருக்கு எதுவும் நினைவுக்கு வராது. அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலமான ரோட் ஐலண்டின் தலைநகரம். பாஸ்டனுக்குத் தெற்கே காரில் ஒரு மணி நேரம். ஆனால் தீக் காப்பீட்டில் காலம் தள்ளியவர்களுக்கு அந்தப் பெயர் கொஞ்சம் பழக்கமானது. பஞ்சாலையை நேரில் போய்ப் பார்த்து, ஆபத்தை எடைபோட்டு, நல்ல ஆலைக்குக் குறைந்த பிரீமியம் என்று எழுதும் வழக்கம் வேர் பிடித்த ஊர்களில் அது முக்கியமானது. ஓய்வு பெற்ற பிறகு அந்த வரலாற்றை நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தபோதுதான், அதே ஊரின் கைவிடப்பட்ட ஆலை ஒன்றிலிருந்து கிளம்பிய இரண்டு இசைக்காரர்களைப் பற்றித் தெரிய வந்தது. இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது. காப்பீடு நடுவில் வந்து போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குழுவின் பெயர் லைட்னிங் போல்ட். மின்னல் கீற்று என்று சொல்லலாம். குழு என்பதே கொஞ்சம் அதிகம். பிரையன் கிப்சன் பேஸ் கிட்டார் வாசிக்கிறார், பிரையன் சிப்பெண்டேல் டிரம்ஸ் வாசிக்கிறார், அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் ஒரே முதல் பெயர். லீட் கிட்டார் கிடையாது, கீபோர்டு கிடையாது, தனியாகப் பாடகர் கிடையாது. 1994இல் ஆரம்பித்தார்கள். தொடக்கத்தில் ஹிஷாம் பரூச்சா என்ற மூன்றாவது ஆள் பாடிக்கொண்டிருந்தார். அவர் விலகிய பிறகு அந்த இடத்துக்கு யாரையும் தேடவில்லை.

ராக் இசையில் பேஸ் கிட்டார் என்பது கல்யாண வீட்டில் சமையல்கட்டு மாதிரி. அது இல்லாமல் ஒன்றும் நடக்காது, ஆனால் யாரும் அதைப் பார்க்க வருவதில்லை. டிரம்ஸோடு சேர்ந்து அடித்தளம் போட்டுக் கொடுப்பது அதன் வேலை. அந்தத் தளத்தின் மேல் நின்றுகொண்டு லீட் கிட்டார்காரரும் பாடகரும் பெயர் வாங்கிக்கொண்டு போவார்கள். இவர்கள் செய்தது, மாடியைக் கட்டாமல் அஸ்திவாரத்தையே வீடாக்கியது. கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் உடனே ஒரு சிக்கல் எழும்: ராகம் எங்கிருந்து வரும்? தடித்த கம்பிகளில் பிறக்கும் அடிக்குரலை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஆட்களை எப்படி நிறுத்தி வைப்பது?

கிப்சன் அதற்குக் கண்ட வழி, கருவியையே மாற்றியமைத்தது. சாதாரண பேஸ் கிட்டாரில் நான்கு கம்பிகள். ஒவ்வொன்றும் அடுத்ததற்கு மத்திம இடைவெளியில் இருக்கும், அதாவது ச–ம. கிப்சன் அதை செல்லோவைப் போல பஞ்சம இடைவெளியில் சேர்த்தார். சி, ஜி, டி, ஏ என்று ஒவ்வொன்றும் ச–ப. இதனால் கீழே இன்னும் ஆழம் கிடைத்தது, நான்கு கம்பிகளுக்குள் கிடைக்கும் எல்லையும் விரிந்தது. மேல் கம்பிக்கு பேஸ் கம்பியே போடவில்லை. பாஞ்சோவுக்குப் போடும் மெல்லிய கம்பியைப் போட்டார். பின்னாளில் ஐந்தாவது கம்பியும் சேர்ந்தது. பிறகு ஒலியைக் கரகரப்பாக்கும் பெடல், சுருதியை ஒரு ஸ்தாயி ஏற்றி இறக்கும் பெடல் என்று காலடியில் வரிசையாக. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இரண்டு கிட்டார், ஒரு பேஸ், நடுவில் ஏதோ சைரன் என்று தோன்றும். எல்லாம் ஒரே ஆள்.

சிப்பெண்டேலின் டிரம்ஸைப் பற்றிச் சொல்ல எனக்கு வார்த்தை போதாது. நிறுத்தமே கிடையாது. தாளம் காட்டுவதை விட்டுவிட்டு டிரம்ஸே பாட்டாகப் போய்க்கொண்டிருக்கும். பாடுவதும் அவர்தான், ஆனால் சொற்கள் புரியாது. தைத்துப் போட்டுக்கொண்ட துணி முகமூடி ஒன்று. அதற்குள் தொலைபேசி ரிசீவரிலிருந்து எடுத்த மைக். இரண்டு கையும் டிரம்ஸில் இருப்பவருக்கு ஸ்டாண்டில் வைத்த மைக் உபயோகப்படாது, தலை ஓரிடத்தில் நிற்காது என்பதுதான் காரணம். பழைய போனில் குரல் எப்படி மூக்கடைத்தாற்போல வருமோ, அந்தக் குரல் பெடல்கள் வழியே உடைந்து வெளிவரும். இது விளம்பரத்துக்காகப் போட்ட வேஷம் என்று முதலில் நினைப்பவர்கள் உண்டு. வேலைக்குத் தோதாகச் செய்துகொண்ட உபகரணம் என்றே எனக்குப் படுகிறது. ஆலைகளில் ஃபிட்டர்கள் தங்களுக்கென்று ஸ்பானரை வளைத்து வைத்திருப்பார்களே, அந்த மாதிரி.

இந்த இரண்டு பேர் ஏற்பாட்டை இவர்கள் கண்டுபிடிக்கவில்லை. 1985இல் டோக்கியோவில் யோஷிதா தத்சுயா என்ற டிரம்ஸ்காரர் ரூயின்ஸ் என்ற குழுவைத் தொடங்கினார். ரூயின்ஸ் என்றால் இடிபாடுகள். மூன்று பேர் குழுவாகத்தான் திட்டமிட்டாராம். முதல் ஒத்திகைக்குக் கிட்டார்காரர் வரவே இல்லை, இருந்த இரண்டு பேரை வைத்து ஆரம்பித்து அப்படியே நிலைத்துவிட்டது என்று சொல்வார்கள். யோஷிதாவுக்கு ஆதர்சம் மேக்மா என்ற பிரெஞ்சுக் குழு. அதை நடத்திய கிறிஸ்டியன் வாண்டரும் டிரம்ஸ்காரர். கொபாயன் என்று ஒரு மொழியைத் தானே உண்டாக்கி அதில் பாடியவர். யோஷிதாவும் அதே வழியில், எந்த மொழியிலும் இல்லாத சொற்களைக் கத்திப் பாடினார். எண்ணிப் பார்த்தால் தலை சுற்றும் தாளக் கணக்குகள், ஒரு நிமிடத்துக்குள் பத்துத் திருப்பங்கள். பேஸ் வாசிப்பவர்கள் வருவார்கள், போவார்கள். அவர் மட்டும் இருந்தார். 2004க்குப் பிறகு பேஸ்காரரும் இல்லாமல், பதிவு செய்த ஒலிகளோடு தனி ஆளாகவே "ரூயின்ஸ் அலோன்" என்ற பெயரில் வாசிக்கிறார். அமெரிக்காவிலும் காட்ஹெட்சைலோ என்று வட டகோட்டாவிலிருந்து வந்த பேஸ்–டிரம்ஸ் ஜோடி ஒன்று 1990களில் இருந்தது. லைட்னிங் போல்ட் பையன்கள் இவர்களையெல்லாம் கேட்டு வளர்ந்தவர்கள்.

ஆக, எண்ணம் புதிதல்ல. புதிதாக இருந்தது, அவர்களுக்கு வாய்த்த இடம். அந்த இடத்தைச் சொல்லாமல் அந்த இசையைச் சொல்ல முடியாது. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும், இருநூறு வருஷம்.

1789இல் சாமுவேல் ஸ்லேட்டர் என்ற இளைஞர் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். நூற்பு இயந்திரங்களையோ அவற்றின் வரைபடங்களையோ வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, தேர்ந்த தொழிலாளியும் போகக் கூடாது என்று அந்த நாட்டில் சட்டம். ஸ்லேட்டர் ஆர்க்ரைட்டின் இயந்திர அமைப்பை மனப்பாடமாகத் தலைக்குள் வைத்துக்கொண்டு போனார். பிராவிடன்ஸ் வியாபாரி மோசஸ் பிரவுன் பணம் போட, பக்கத்து ஊரான பாட்டக்கெட்டில் 1790இல் தண்ணீர் விசையால் ஓடும் நூற்பு தொடங்கியது. 1793இல் கட்டிய ஆலைக் கட்டடம் இன்றும் அங்கே நிற்கிறது. அமெரிக்கப் பஞ்சாலைத் தொழில் வேர் பிடித்த இடம் அது. அங்கிருந்து ரோட் ஐலண்டின் சின்னச் சின்ன ஆறுகள் எல்லாவற்றின் கரையிலும் ஆலைகள் முளைத்தன. அதில் ஓர் ஆறு வூனாஸ்க்வாடக்கெட். பெயர் வாயில் நுழையாது. அமெரிக்கப் பழங்குடிகள் வைத்த பெயர்.

இந்த ஆற்றங்கரையில்தான் எங்கள் துறை ஆட்களுக்கு வேண்டிய ஒருவர் வருகிறார். சக்கரையா ஆலன். 1822இல் வூனாஸ்க்வாடக்கெட் கரையில் ஆலன்டேல் என்ற ஆலையைக் கட்டினார். கனமான தீத்தடுப்புக் கதவுகள், தீயணைக்கும் பம்பு, தண்ணீர் தெளிக்கும் குழாய்கள் என்று அந்தக் காலத்தில் யாரும் செய்யாததையெல்லாம் செய்தார். பிறகு காப்பீட்டு நிறுவனத்திடம் போய், என் ஆலை எரிய வாய்ப்புக் குறைவு, பிரீமியத்தைக் குறையுங்கள் என்று கேட்டார். நல்ல ஆலையோ மோசமான ஆலையோ, எல்லா ஆலைக்கும் ஒரே விலைதான் என்று கைவிரித்துவிட்டார்கள். கோபம் வந்த மனிதர் 1835இல் மற்ற ஆலை முதலாளிகளைக் கூட்டி, நமக்கு நாமே காப்பீடு செய்துகொள்வோம் என்று ஒரு பரஸ்பர நிறுவனத்தைத் தொடங்கினார். சேர வேண்டுமானால் ஆலையை ஆய்வுக்குத் திறந்துவிட வேண்டும். அந்த ஏற்பாடு ஃபேக்டரி மியூச்சுவல் என்று வளர்ந்து இன்றும் உலகம் முழுக்க நடக்கிறது. 1881இல் தானியங்கி ஸ்பிரிங்க்ளரைச் செம்மைப்படுத்திக் காப்புரிமை வாங்கிய ஃபிரெடரிக் கிரின்னலும் பிராவிடன்ஸ்காரர்தான்.

இந்தக் காப்பீட்டுக்காரர்கள் பிடிவாதம் பிடித்ததால் நியூ இங்கிலாந்து ஆலைகளுக்கு ஒரு தனி அமைப்பு வந்தது. "மெதுவாக எரியும் கட்டுமானம்" என்பார்கள். வெளியே தடித்த செங்கல் சுவர். உள்ளே மெல்லிய சட்டங்கள் கூடாது. ஆள் கட்டிப்பிடிக்கும் அளவுக்குக் கனத்த மர உத்தரங்கள், அதன் மேல் பல அங்குலக் கனத்தில் பலகைத் தளம். மெல்லிய மரம் தீப்பெட்டிக் குச்சி மாதிரி பிடித்துக்கொள்ளும். கனத்த மரம் மேலே கருகும். அந்தக் கரியே உள்ளிருக்கும் மரத்துக்குக் கவசமாகி நேரம் கொடுக்கும். படிக்கட்டைக் கட்டடத்துக்கு உள்ளே வைக்காமல் தனிக் கோபுரமாக வெளியே வைத்தார்கள், தீ மாடிக்கு மாடி ஏறாதபடி. தடுப்புச் சுவர் இல்லாத நீண்ட கூடங்கள், வரிசையாகப் பெரிய ஜன்னல்கள். நூற்றுக்கணக்கான தறிகள் ஒரே நேரத்தில் அதிர்ந்தாலும் தாங்கும்.

அதிர்ந்தாலும் தாங்கும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நூலையும் இங்கே முடிந்துவிடுகிறேன். 1876இல் பிலடெல்பியாவில் அமெரிக்க சுதந்திர நூற்றாண்டுக் கண்காட்சி நடந்தது. ரோட் ஐலண்ட் பெண்கள் குழு அதற்காக நிதி திரட்டியதில் 1,675 டாலர் மிச்சம். அதை வைத்து 1877இல் ரோட் ஐலண்ட் ஸ்கூல் ஆஃப் டிசைன் என்ற கலைப்பள்ளியை ஆரம்பித்தார்கள். நோக்கம், ஆலைகளுக்கும் பட்டறைகளுக்கும் வேண்டிய வரைகலையைக் கைவினைஞர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. ஆலைக்காகப் பிறந்த பள்ளி அது.

இருபதாம் நூற்றாண்டில் ஆலைகள் ஒவ்வொன்றாகத் தெற்கு மாநிலங்களுக்குப் போயின. அங்கே கூலி குறைவு, தொழிற்சங்கம் குறைவு. அப்புறம் கடல் தாண்டியும் போயின. வூனாஸ்க்வாடக்கெட் ஓடும் ஓல்னிவில் பகுதியில் பெரிய செங்கல் கட்டடங்கள் மட்டும் மிச்சம். இடிக்கக் காசில்லை, வாங்க ஆளில்லை. சின்னப் பட்டறைகள், பழைய சாமான் வியாபாரிகள் என்று யாராவது ஒரு மூலையில் வாடகைக்கு இருப்பார்கள். மற்ற மாடிகள் புறாவுக்கு.

1995இல் மேட் பிரிங்க்மனும் நம்முடைய சிப்பெண்டேலும் இன்னும் சில நண்பர்களும் சேர்ந்து அப்படி ஓர் ஆலையின் இரண்டாம் தளத்தை வாடகைக்கு எடுத்தார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முந்தைய நெசவாலைக் கட்டடம் அது. மேலே சொன்ன கலைப்பள்ளியின் வட்டத்திலிருந்து வந்த பையன்கள். ஆலைக்கு ஆள் தயாரிக்கப் பிறந்த பள்ளியின் பிள்ளைகள், ஆலை செத்துப் போன பிறகு அதன் வயிற்றுக்குள் குடியேறினார்கள். இடத்துக்கு ஃபோர்ட் தண்டர் என்று பெயர் வைத்தார்கள், இடிக் கோட்டை. இடிக் கோட்டைக்குள் மின்னல் என்று இன்னொரு பெயர். அந்த வயதுக்கு உரிய விளையாட்டு.

அங்கே குடியிருக்க அனுமதி கிடையாது. ஆனாலும் குடியிருந்தார்கள். பலகையும் தட்டியும் அடித்து அறைகள். குப்பையிலிருந்து பொறுக்கிய பொம்மை, துணி, சைக்கிள், காகிதம் எல்லாம் சுவரிலும் கூரையிலும் ஓர் அங்குலம் விடாமல் ஒட்டியும் தொங்கவிட்டும் வைத்திருந்தார்கள். புகைப்படங்களைப் பார்த்தால் ஒரு காட்டுக்குள் நுழைந்தது போல இருக்கும். அங்கேயே படக்கதைகள் வரைந்தார்கள், பட்டுத்திரை அச்சில் சுவரொட்டிகள் போட்டார்கள், விசித்திர உடை மாட்டிக்கொண்டு மல்யுத்தம் நடத்தினார்கள். ஊர் ஊராகச் சுற்றும் சின்ன இசைக்குழுக்களை வரவழைத்து இரவில் கச்சேரி வைத்தார்கள். ஒவ்வொரு கச்சேரிக்கும் பல வண்ணத்தில் ஒரு சுவரொட்டி.

இப்போது அந்த இசைக்கு வருகிறேன். பேஸ் கிட்டாரின் சாதாரண அடிக்கம்பி விநாடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. காற்றில் ஒலியின் வேகத்தை அதால் வகுத்துப் பாருங்கள். அந்த ஒலியின் ஓர் அலை எட்டு மீட்டருக்கு மேல் நீளம். நம் வீட்டு ஹால் அவ்வளவு நீளம் இருக்காது. சின்ன அறையில் அது சுவரில் முட்டிக் குழம்பி வெறும் உறுமலாகிவிடும். இதைவிடப் பெரிய தொல்லை, அடிக்குரல் சுவரைத் தாண்டிப் போய்விடும். உச்ச ஸ்தாயியைக் கதவைச் சாத்தித் தடுக்கலாம், அடிக்குரலைத் தடுக்க முடியாது. பக்கத்துத் தெருவில் கோவில் திருவிழா என்றால் பாட்டு கேட்காது, டம் டம் மட்டும் படுக்கை வரை வரும், எல்லாருக்கும் அனுபவம் உண்டு. பேஸும் டிரம்ஸும் மட்டும் வைத்து, ஆம்ப்ளிஃபயரை முழுதாகத் திருகி, நாள்தோறும் மணிக்கணக்கில் ஒத்திகை பார்க்க வேண்டுமானால் என்ன தேவை? நீண்ட கூடம். அதிர்வைத் தாங்கும் தளம். அக்கம்பக்கத்தில் தூங்குகிறவர் யாரும் இருக்கக் கூடாது. மாத வாடகை, பகுதி நேர வேலை பார்க்கும் பையனால் கட்டக்கூடியதாக இருக்க வேண்டும். தறிகளின் இரைச்சலுக்காகக் கட்டி, தறிகள் போன பிறகு காலியாகக் கிடந்த ஒரு கட்டடத்தைத் தவிர இந்த நான்கும் வேறு எங்கே சேர்ந்து கிடைக்கும்?

அவர்கள் வாசிக்கும் விதமும் அங்கே பழகியதுதான். அங்கே மேடை கிடையாது. எனவே தரையிலேயே டிரம் செட்டைப் போட்டு, பின்னால் ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கி, சுற்றிலும் கூட்டத்தை நிற்கவிட்டு வாசித்தார்கள். வெளியூர் போனபோதும் அதையே செய்தார்கள். அரங்கில் மேடை இருந்தாலும் ஏறுவதில்லை. மேடையில் இன்னொரு குழு வாசித்துக்கொண்டிருக்கும்போதே இவர்கள் அரங்கின் மறு கோடியில் தரையில் எல்லாவற்றையும் தயாராக வைத்திருப்பார்கள். அந்தக் குழுவின் கடைசி அடி ஓய்ந்ததோ இல்லையோ, இங்கே இடி விழும். கூட்டம் மொத்தமும் திரும்பி ஓடி வரும். டிரம்ஸின் மேல் ஆட்கள் விழாமல் முன்வரிசை ஆட்களே முதுகால் தள்ளித் தடுத்துக்கொண்டிருப்பார்கள். 2001 பயணத்தைப் படமெடுத்து "தி பவர் ஆஃப் சாலட்" என்று ஓர் ஆவணப்படம் வந்தது. வாசிப்பவர் எங்கே, கேட்பவர் எங்கே என்று அதில் பிரித்துப் பார்க்க முடியாத இடங்கள் உண்டு. பிற்காலத்தில் பெரிய விழாக்களில் கூட்டம் தாங்காமல் மேடை ஏற வேண்டி வந்தது. தரையில் உட்கார்ந்திருந்தால் நாலாவது வரிசைக்குப் பின்னால் யாருக்கும் தெரியாது என்பதும் உண்மைதானே.

முதல் இசைத்தட்டு 1999, பிராவிடன்ஸிலேயே இருந்த லோட் ரெக்கார்ட்ஸ் வெளியீடு. "ரைட் தி ஸ்கைஸ்" 2001. அந்த 2001தான் கோட்டைக்குக் கடைசி வருஷம்.

ஆலை இருந்த ஈகிள் ஸ்கொயர் பகுதியை வாங்கி, கட்டடங்களை இடித்து, கடைகளும் கார் நிறுத்துமிடமும் கட்ட ஒரு நிறுவனம் திட்டம் போட்டது. ஊரில் பெரிய எதிர்ப்பு. கலைஞர்கள் மட்டுமல்ல, பழைய கட்டடங்களைக் காக்க வேண்டும் என்பவர்களும் சேர்ந்து கூட்டம் கூட்டமாகப் போய் நகராட்சி விசாரணைகளில் பேசினார்கள். கடைசியில் சில கட்டடங்களை விட்டுவைப்பது என்று ஒரு சமரசம் வந்தது. விட்டுவைத்த பட்டியலில் ஃபோர்ட் தண்டர் இல்லை. எல்லாரையும் வெளியேற்றினார்கள். 2002இல் அது தரைமட்டம். அங்கே பல்பொருள் அங்காடி வந்தது.

அதே 2002இல், கோட்டை ஆட்களில் சிலர் நடத்திய ஃபோர்ஸ்ஃபீல்ட் என்ற கூட்டுக்குழுவின் படைப்பு நியூயார்க்கின் விட்னி பியென்னாலேயில் இடம் பெற்றது. அமெரிக்கக் கலை உலகில் அது பெரிய அங்கீகாரம்.

இப்போது என் மனதை அரிக்கும் பகுதி. 2003 பிப்ரவரி 20ஆம் தேதி இரவு, பிராவிடன்ஸுக்குத் தெற்கே வெஸ்ட் வாரிக் என்ற ஊரில் ஸ்டேஷன் என்ற இரவு விடுதியில் ஒரு ராக் கச்சேரி. லைட்னிங் போல்டுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, வேறு குழு. மேடையில் கொளுத்திய மத்தாப்பு, சத்தம் வெளியே போகாமல் இருக்கச் சுவரில் ஒட்டியிருந்த ஃபோமில் பற்றிக்கொண்டது. எல்லாரும் உள்ளே வந்த முன்வாசலை நோக்கியே ஓடினார்கள். நூறு பேர் இறந்துபோனார்கள். மாநிலம் தீப் பாதுகாப்பு விதிகளை அடியோடு திருத்திக் கடுமையாக்கியது. அதற்குப் பிறகு ஆலைக் கட்டடங்களில் அனுமதியில்லாமல் வாழ்வதும் கச்சேரி நடத்துவதும் முன்பு போல முடியவில்லை. 2016 டிசம்பர் 2ஆம் தேதி கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில், கோஸ்ட் ஷிப் என்று கலைஞர்கள் குடியிருந்த கிடங்கு ஒன்றில் இசை நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது தீப்பிடித்து 36 பேர் இறந்தார்கள். அந்தக் கிடங்கின் உட்புறப் படங்களையும் ஃபோர்ட் தண்டர் படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அதே மரத் தட்டிகள், அதே தொங்கும் துணிகள், அதே அழகு.

நான் மில் ஆய்வுக்குப் போன காலத்தில் முதலில் ப்ளோ ரூமுக்குத்தான் போவேன். பஞ்சுப் பொதியோடு வந்த ஓர் இரும்புத் துண்டு பீட்டரில் பட்டுப் பொறி கிளம்பினால் போதும். அடுத்து, வெளியே போகும் வழியில் என்ன அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன். அந்தக் கண்ணோடு சொல்கிறேன்: ஃபோர்ட் தண்டருக்கு எந்த ஆய்வாளர் போயிருந்தாலும் அன்று மாலையே மூடச் சொல்லியிருப்பார். நானும்தான், தயங்காமல் கையெழுத்துப் போட்டிருப்பேன். சக்கரையா ஆலன் ஆட்கள் அவ்வளவு யோசித்துக் கட்டிய மெதுவாக எரியும் கட்டடத்துக்குள், வேகமாக எரியக்கூடியதை மட்டுமே தேர்ந்தெடுத்து நிரப்பி வைத்திருந்தார்கள். ஆறேழு வருஷம் ஒன்றும் ஆகாமல் இருந்தது அதிர்ஷ்டம்.

ஆனால் ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்தக் கட்டடம் தீயைக் காரணம் காட்டி இடிக்கப்படவில்லை. இடித்து ஒரு வருஷத்துக்கு அப்புறம்தான் ஸ்டேஷன் விபத்து. கார் நிறுத்த இடம் வேண்டும் என்றுதான் இடித்தார்கள். உயிருக்கு ஆபத்து என்று மூடியிருந்தால், குப்பையை அகற்று, வாசலை அகலப்படுத்து, ஸ்பிரிங்க்ளரைப் பழுது பார் என்று கேட்டுவிட்டு மறுபடி திறக்க வழி இருந்திருக்கும். உள்நாட்டுப் போருக்கு முந்தைய உத்தரங்களை ஒரு தடவை இடித்த பிறகு எந்த விதியைக் கொண்டும் திருப்பி நிறுத்த முடியாது. பாதுகாப்பாக்கி வைத்திருக்கச் செலவு செய்திருப்பார்களா என்றால், பத்து வருஷ வாடகை அதற்கு ஈடாகியிருக்காது. கணக்குப் போட்டுப் பழகியவன் என்பதால் அதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கோட்டை போன பிறகு இசை நின்றுவிடவில்லை. பலர் அவர்களின் உச்சம் என்று சொல்லும் "ஒண்டர்ஃபுல் ரெயின்போ" 2003இல் வந்தது, "ஹைப்பர்மேஜிக் மவுண்டன்" 2005, "எர்த்லி டிலைட்ஸ்" 2009. அதாவது ஆலையில் பழகிய கை, ஆலை இல்லாமலும் வாசித்தது. 2006இல் அந்தக் கலைப்பள்ளியின் அருங்காட்சியகமே பிராவிடன்ஸின் இந்தக் கூட்டத்தைப் பற்றி "ஒண்டர்கிரவுண்ட்" என்று ஒரு கண்காட்சி வைத்து, தெருக் கம்பங்களில் ஒட்டிக் கிழிந்துபோன சுவரொட்டிகளைச் சுவர் நிறையத் தொங்கவிட்டது. சிப்பெண்டேல் படக்கதைப் புத்தகங்கள் போட்டார், "நின்ஜா", "மேகட்ஸ்" என்று. மேகட்ஸை ஒரு ஜப்பானியப் புத்தக விலைப்பட்டியலின் பக்கங்கள் மேலேயே வரைந்தார். வெற்றுத் தாள் வாங்குவதைவிட அது மலிவு. ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க்குக்கும் டிரம்ஸ் வாசித்தார். கிப்சன் ஹார்மோனிக்ஸ் என்ற வீடியோ கேம் நிறுவனத்தில் வரைகலை வேலைக்குப் போனார். கிட்டார் ஹீரோ, ராக் பேண்ட் விளையாட்டுகளைச் செய்த நிறுவனம் அது. பிற்பாடு மார்க் ஃப்ளூரி என்பவரோடு சேர்ந்து 2016இல் "தம்பர்" என்று சொந்தமாக ஒரு விளையாட்டை வெளியிட்டார். ஒரு வெள்ளி வண்டு தண்டவாளத்தின் மேல் பயங்கர வேகத்தில் போகும், தாளத்துக்கு ஏற்பத் தட்ட வேண்டும். என்னால் முதல் கட்டத்தைத் தாண்ட முடியவில்லை. ஆனால் பின்னணியில் கேட்கும் இடி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது.

இரண்டே பேர் பேஸும் டிரம்ஸும் வாசிப்பது இப்போது யாரையும் ஆச்சரியப்படுத்துவதில்லை. கனடாவின் டெத் ஃப்ரம் அபவ் 1979, கலிஃபோர்னியாவின் ஓம் எல்லாம் வந்துவிட்டன. இங்கிலாந்தின் ராயல் பிளட் 2014இல் முதல் இசைத்தட்டிலேயே அந்த நாட்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. நன்றாகத் துடைத்துப் பளபளப்பாக்கிய இசை. குற்றம் சொல்லவில்லை, என் காதுக்கு அதுதான் சௌகரியம் என்றுகூடச் சொல்வேன். ஆனால் அதில் தரை அதிரவில்லை.

லைட்னிங் போல்ட் முதல் முறையாக முறையான ஸ்டூடியோவில் உட்கார்ந்து பதிவு செய்தது 2015இல் வந்த "ஃபேண்டஸி எம்பயர்" இசைத்தட்டுக்குத்தான். குழு ஆரம்பித்து இருபது வருஷம் கழித்து. அந்த ஸ்டூடியோ பாட்டக்கெட்டில் இருக்கிறது, ஸ்லேட்டர் நூற்பைத் தொடங்கிய ஊர். "சோனிக் சிட்டாடல்" 2019இல் வந்தது. கேட்டுப் பார்க்க நினைப்பவர்கள் ஒண்டர்ஃபுல் ரெயின்போவில் "டிராகுலா மவுண்டன்" என்ற பாட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். அதில் ஒரு நாட்டுப்புற மெட்டு மாதிரி ஒன்று திரும்பத் திரும்ப வரும், பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி கிடைக்கும். செல்போனில் கேட்காதீர்கள்; அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அடிக்குரல் வராது, வெறும் தகர டப்பா சத்தம்தான் வரும். நல்ல ஹெட்ஃபோன் வேண்டும். காது மெஷின் வைத்திருப்பவர்கள் அதைக் கழற்றி வைத்துவிட்டு, ஒலியைப் பாதியில் வைத்து ஆரம்பியுங்கள்.